கடல் கடந்து உழைப்போரும் நோய்க்காலச் செலவும்

 



எமது ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளையொன்றை அனுப்பாத வீடு அரிதாகிவிட்டது. சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய பெயர்கள் எங்கள் உம்மாமாரின் நாவில் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போன்று புழங்குகின்றன. பிள்ளை புறப்படும் வேளையில் விசாவைப் பற்றிக் கேட்கின்றோம். சம்பளத்தைப் பற்றிக் கேட்கின்றோம். சாப்பாடும் தங்குமிடமும் கம்பனியுடையதா என்று விசாரிக்கின்றோம். ஆனால் ஒரு கேள்வியை மாத்திரம் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்நிய மண்ணில் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சையொன்று தேவைப்பட்டால் அதன் செலவை யார் பொறுப்பேற்பார் என்பதே அக்கேள்வியாகும். அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நான் குத்பா நிகழ்த்தும் பள்ளிவாசலில் ஓர் அறிவித்தல் செய்யப்பட்டது. எமது ஊர் இளைஞர் ஒருவர் சவூதியில் வைத்தியசாலையில் இருக்கின்றார், சத்திரசிகிச்சைக்கான கட்டணத்தைச் செலுத்த வழியின்றித் தவிக்கின்றார், இயன்றதைத் தந்து உதவுங்கள் என்பதே அந்த அறிவித்தல். வாசலில் துண்டு விரிக்கப்பட்டது. மக்கள் தாராளமாகவே கொடுத்தார்கள். ஆயினும் சேர்ந்த தொகை தேவையில் நான்கிலொரு பங்கைக்கூட எட்டவில்லை.

அந்த இளைஞருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உப முகவர் ஒருவர் "ஃப்ரீ விசா" என்று சொல்லி அவரை அனுப்பியிருந்தார். அவரது இகாமாவில் வீட்டுச் சாரதி என்று எழுதப்பட்டிருந்தது. அவரோ வேறொரு நகரில் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரை அழைத்த வீட்டுக்காரருக்கு அவர் எங்கிருக்கின்றார் என்பதே தெரியாது. சிற்றுண்டிச்சாலை உரிமையாளருக்கோ அவர் சட்டப்படி தனது ஊழியர் அல்லர். இருவரில் எவரும் அவருக்குக் காப்புறுதி எடுத்திருக்கவில்லை.

ஓர் இரவு அவருக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டது. மறுநாள் அது வயிற்றின் வலப்புறத்துக்கு இறங்கியது. வாந்தியும் எடுத்தார். மருந்துக் கடையில் வலி நிவாரணி வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குச் சென்றார். மூன்றாம் நாள் வலி சட்டென்று தணிந்தது. நோய் நீங்கிவிட்டதென்று எண்ணி அல்லாஹ்வைப் புகழ்ந்தார். உண்மையில் அழற்சியுற்றிருந்த குடல்வால் அவ்வேளையில் வெடித்திருந்தது. அன்றிரவு கடுங்காய்ச்சலோடு நினைவு தடுமாறிய நிலையில் அறைத் தோழர்கள் அவரை வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றனர். நேரகாலத்தோடு சென்றிருந்தால் ஓரிரு நாட்களில் முடிந்திருக்கக்கூடிய சிகிச்சை, வயிறு முழுவதும் கிருமி பரவியமையால் பன்னிரண்டு நாட்கள் நீடித்தது. கட்டணம் அவரது பத்து மாதச் சம்பளத்தைத் தாண்டியது. உம்மாவின் இரு காப்புகளும், தங்கையின் நிகாஹுக்கென்று எடுத்து வைத்திருந்த மாலையும் அடகுக் கடைக்குச் சென்றன.

அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்று நலமாக இருக்கின்றார். ஊர் திரும்பியதும் என்னைச் சந்தித்தவர், "ஹஸ்ரத், வலியை விடப் பில்லுக்குத்தான் நான் பயந்தேன்" என்றார். அருகிலிருந்த அவரது உம்மா சொன்ன வார்த்தை இன்றுவரை என் நெஞ்சை அறுக்கின்றது: "கிழமைக்கு இரண்டு முறை மகனோடு கதைத்தேன். காசு அனுப்பியாச்சா என்று கேட்டேன். உனக்கு அங்கே ஒரு வருத்தம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லையே!"

அன்பிற்குரியவர்களே!

இத்தகைய சம்பவங்களைக் கேட்கும்போது, "எல்லாம் அல்லாஹ்வின் கத்ரு" என்று சொல்லிக் கடந்துவிடுகின்றோம். கத்ரின் மீது நம்பிக்கை கொள்வது ஈமானின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று வினவிய மனிதருக்கு, முதலில் கட்டுமாறும் அதன் பின்னர் தவக்குல் வைக்குமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதி பதிவு செய்துள்ளது. மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறு அன்னார் பணித்தார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள், வரவிருந்த ஏழு பஞ்ச ஆண்டுகளுக்காகச் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கத் திட்டம் வகுத்த வரலாற்றைத் திருக்குர்ஆன் எமக்குக் கற்பிக்கின்றது. அவர்கள் அல்லாஹ்வின் நபி. தவக்குலில் அவர்களுக்கு நாம் ஈடாவோமா? வரக்கூடிய துன்பத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது இறைநம்பிக்கைக்குக் குறைவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, கட்ட வேண்டிய அந்தக் கயிறு யாதென்று பார்ப்போம்.

நீங்கள் உழைக்கச் செல்லும் நாடுகளில் இதற்கென்று சட்டங்கள் இருக்கின்றன. சவூதி அரேபியாவில் 1999ஆம் ஆண்டு கூட்டுறவுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் வெளிநாட்டவருக்கு, அவரது தொழில் வழங்குநரே தமது செலவில் சுகாதாரக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தல் வேண்டும். அபூதாபியில் 2005ஆம் ஆண்டின் சட்டமும், துபாயில் 2013ஆம் ஆண்டின் சட்டமும் காப்புறுதியைக் கட்டாயமாக்கின. ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், ராஸல் கைமா, புஜைரா ஆகிய ஏனைய ஐந்து அமீரகங்களிலும் 2025 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் தனியார் துறை ஊழியருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் இது கட்டாயமாயிற்று.

அந்த ஐந்து அமீரகங்களுக்கென அறிவிக்கப்பட்ட அடிப்படைக் காப்புறுதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹம். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும்போது நோயாளி செலவில் நூற்றுக்கு 20 பங்கைச் செலுத்துவார். ஆனால் அது ஒரு தடவைக்கு 500 திர்ஹத்தையும், ஆண்டொன்றுக்கு 1,000 திர்ஹத்தையும் தாண்டாது. அதற்கு மேற்பட்டதைக் காப்புறுதியே ஏற்கும். நான் சற்று முன்னர் கூறிய இளைஞரின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1,000 திர்ஹத்துக்குள் அடங்கும் செலவுக்கும் பத்து மாத உழைப்பை விழுங்கும் செலவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், இப்படியொரு காப்புறுதி இருப்பதா இல்லாதிருப்பதா என்பதில் தங்கியிருக்கின்றது.

ஆயினும் இச்சட்டங்களுக்குள் சில இடைவெளிகள் இருக்கின்றன. எமது பிள்ளைகள் பெரும்பாலும் விழுவது அங்கேதான்.

முதலாவது, வீட்டுப் பணியாளர். சவூதியில் வீட்டுச் சாரதி, பணிப்பெண், தோட்டக்காரர் ஆகியோர் நிறுவன ஊழியருக்குரிய அந்தக் காப்புறுதிக்குள் நீண்டகாலம் உள்ளடங்கியிருக்கவில்லை. 2024 ஜூலை முதல், நான்கு பேருக்கு மேற்பட்ட வீட்டுப் பணியாளரை வைத்திருப்போர் அவர்களுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு சாரதியையோ ஒரு பணிப்பெண்ணையோ மாத்திரம் வைத்திருக்கும் வீடு அந்த எண்ணிக்கைக்குள் வராது. ஆகவே அத்தகைய விசாவில் செல்லும் சகோதரரும் சகோதரியும், நோயுற்றால் சிகிச்சைச் செலவை வீட்டுக்காரர் ஏற்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது.

இரண்டாவது, "ஃப்ரீ விசா" என்று எம்மவர் அழைக்கும் பொறி. ஒருவரின் பெயரில் சென்று வேறொருவரிடம் வேலை செய்வதை அந்நாட்டுச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை. அங்கே நோய் வரும் நாளில் உங்களுக்கு முதலாளியே இல்லை. எவரையும் கேட்க முடியாது. எங்கும் முறையிடவும் முடியாது. கூடுதலாக உழைக்கலாம் என்ற ஆசையில் வாங்கப்படும் விசா, ஒரே நோயில் அத்தனை உழைப்பையும் எடுத்துக்கொள்கின்றது.

மூன்றாவது, சுற்றுலா விசாவில் சென்று வேலை தேடுவது. பயணக் காப்புறுதி என்று தரப்படுவது பெரும்பாலும் திடீர் விபத்துக்கும் அவசர நோய்க்குமே உரியது. அதற்கும் எல்லை உண்டு. நெடுநாள் நோய்க்கோ, திட்டமிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கோ அது பெரும்பாலும் உதவாது.

அன்பின் இளைஞர்களே!

உங்களிடம் காப்புறுதி அட்டை இருக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். அதைப் பணப்பையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. அதில் அடங்கியிருப்பதை அறிந்திருக்க வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. ஒப்பந்தத்தை எழுதவும், எழுதியதை அறிந்து நடக்கவும் இத்துணை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், தெரியாத மொழியிலுள்ள தாளில் கண்ணை மூடிக் கையொப்பம் இடலாமா? வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பின்வருவனவற்றைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

எந்தெந்த வைத்தியசாலைகளில் இந்தக் காப்புறுதி செல்லுபடியாகும்? காப்புறுதி நிறுவனத்தோடு இணைந்த வைத்தியசாலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே சென்றால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும். உங்கள் தங்குமிடத்துக்கு அண்மையில் உள்ளதை இப்போதே குறித்து வையுங்கள்.

நான் செலுத்த வேண்டிய பங்கு எவ்வளவு? அதற்கு உச்சவரம்பு உண்டா? காப்புறுதி நிறுவனம் ஆண்டொன்றுக்கு ஏற்கும் தொகை எவ்வளவு?

சத்திரசிகிச்சைக்கு முன்னனுமதி தேவையா? அவசரமற்ற சத்திரசிகிச்சைக்கு வைத்தியசாலை முதலில் காப்புறுதி நிறுவனத்தின் அனுமதியைப் பெறும். அது கிடைக்குமுன் கட்டிலில் ஏறாதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு கடிதம் குறைந்ததாலோ, நோயின் விபரம் சரியாக எழுதப்படாததாலோ மறுப்பு வந்திருந்தால், வைத்தியர் மீண்டும் எழுதிக் கொடுப்பதன் மூலம் அது தீர இடமுண்டு.

எனக்கு முன்பே இருந்த நோய்களுக்கு இடமுண்டா? மனைவி பிள்ளைகளை அழைப்பதாயின் அவர்களுக்கும் காப்புறுதி உண்டா? பிரசவச் செலவு, அதிலும் வயிற்றைக் கீறிச் செய்யும் பிரசவத்தின் செலவு, அதில் அடங்குமா? இதைக் கேட்காது கருவுற்ற மனைவியை அழைத்தவர்கள் பின்னர் வருந்தியதுண்டு.

காப்புறுதி எந்தத் திகதியில் முடிகின்றது? சவூதியில் இருப்போர், தமது காப்புறுதி உயிரோடு இருக்கின்றதா என்பதை இகாமா இலக்கத்தைக் கொண்டு சுகாதாரக் காப்புறுதி மன்றத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வேலைத்தளத்தில் நேரும் விபத்து வேறு. நோய் வேறு என்பதையும் அறிந்திருங்கள். சவூதியில் தனியார் துறையில் பணிபுரியும் வெளிநாட்டவருக்காக, சம்பளத்தில் நூற்றுக்கு 2 பங்கு தொழில்சார் ஆபத்துக்கான சமூகக் காப்புறுதிக்குத் தொழில் வழங்குநரால் செலுத்தப்படுகின்றது. சாரத்திலிருந்து விழுந்தவர், இயந்திரத்தில் கை சிக்கியவர் ஆகியோரின் சிகிச்சைக்கு அந்த வழி உண்டு. அதற்கு, விபத்து நடந்தவுடன் அது வேலையில் நடந்தது என்று முறைப்படி அறிவிக்கப்பட வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி எவரேனும் கேட்டால் இணங்காதீர்கள். அது பொய், அத்தோடு உங்கள் உரிமையையும் அழித்துவிடும்.

சகோதரர்களே, இவ்விடத்தில் அமானிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. அறையில் ஒருவரிடம் அட்டை இருக்கும், மற்றவரிடம் இருக்காது. நோயுற்றவர் தோழரின் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறுவது சிலரிடம் வழக்கமாகிவிட்டது. இரக்கத்தினால் செய்யப்படுவதாயினும் இது மோசடியாகும். உணவுத் தானியத்தின் ஈரத்தை மறைத்து விற்ற வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவருக்குத் தம்மோடு தொடர்பில்லை என்று எச்சரித்ததை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கின்றோம். பாவம் ஒருபுறமிருக்க, உயிராபத்தும் இதில் இருக்கின்றது. உங்கள் இரத்த வகையும், உங்களுக்கு ஒவ்வாத மருந்தும் வேறொருவரின் பெயரில் பதியப்படுகின்றன. நாளை அந்தத் தோழர் மயங்கிய நிலையில் கொண்டு செல்லப்பட்டால், வைத்தியர் பார்ப்பது உங்கள் விபரத்தையே. அகப்பட்டால் இருவரும் தொழிலையும் நாட்டையும் இழப்பீர்கள்.

அவ்வாறே நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கல் போன்ற நோயொன்று இருப்பதை மறைத்துப் படிவத்தை நிரப்பாதீர்கள். பயணத்துக்கு முன் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டேன் என்று சொல்லலாம். அப்பரிசோதனையின் முதன்மையான நோக்கம் காசநோய் போன்ற தொற்று நோய்களைக் கண்டறிவதாகும். உங்கள் உடலில் வேறு நோயே இல்லை என்பதற்கு அது அத்தாட்சியன்று. உண்மையை எழுதியவரின் சிகிச்சைக்கு வழி தேடலாம். மறைத்தவரின் பொய் வெளிப்படும் நாளில் காப்புறுதியே கைவிட்டுப் போகலாம்.

நேயர்களே, காப்புறுதி மார்க்கத்தில் கூடுமா என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும். அது எழவே வேண்டிய வினா. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1977இல் கூட்டுறவுக் காப்புறுதியை அனுமதித்தது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம், நிலையான கட்டணத்தோடு இலாப நோக்கில் நடத்தப்படும் வணிகக் காப்புறுதியில் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் அளவுக்கு நிச்சயமின்மை இருப்பதால் அது ஆகாது என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதி ஆகுமென்றும் தீர்மானித்தது. தகாஃபுல் எனும் முறை இதிலிருந்து வளர்ந்ததே. எமது நாட்டிலும் 1999 முதல் தகாஃபுல் நிறுவனம் இயங்கி வருகின்றது. ஆகவே நீங்களாகத் தெரிவு செய்யும் இடத்தில் தகாஃபுலைத் தெரிவு செய்யுங்கள். ஒரு நாட்டின் சட்டம் கட்டாயப்படுத்தி, தொழில் வழங்குநர் தமது பணத்தில் எடுத்துத் தருமிடத்து, அதனால் பயன்பெறுவதைச் சமகால அறிஞர்கள் பலர் அனுமதிக்கின்றனர். உங்கள் நிலைமையை ஆலிம் ஒருவரிடம் விபரமாகக் கூறித் தெளிவு பெறுங்கள். "கூடுமோ, கூடாதோ" என்ற மயக்கத்திலேயே கேட்காமலும் எடுக்காமலும் காலங் கடத்துவதுதான் தவறு.

சரி, காப்புறுதியே இல்லாத ஒருவருக்கு இன்றிரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி வருகின்றது. அவர் என்ன செய்வது?

முதலில் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சவூதியில், உயிராபத்தான நிலையில் வருபவருக்குப் பணத்தை முன்னரே கேளாது அவசரச் சிகிச்சை அளிக்கத் தனியார் வைத்தியசாலைகளும் சட்டத்தால் கடமைப்பட்டுள்ளன. அம்பியுலன்ஸை அழைப்பதற்குச் சவூதியில் 997, ஐக்கிய அரபு இராச்சியத்தில் 998, கட்டாரில் 999, குவைத்தில் 112 ஆகிய இலக்கங்கள் உள்ளன. அறைச் சுவரில் இதை எழுதி ஒட்டி வையுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, முகம் கோணி ஒரு பக்கக் கைகால் தளர்தல், நேரம் செல்லச் செல்லக் கூடும் வயிற்று வலி ஆகியவற்றில் கட்டணக் கணக்குப் பார்ப்பது ஹராமான கஞ்சத்தனம் என்றே சொல்வேன். தாமதம் ஒருபோதும் செலவைக் குறைப்பதில்லை என்பதற்கு அந்தக் குடல்வாலே சாட்சி. உங்கள் உடலுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு என்று தம் தோழருக்குக் கற்பித்த நபியின் உம்மத்தினர் நாம்.

அவசரமற்ற நோயாயின் வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "இது எத்தனை வாரம் பொறுக்கும்?" குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்றவற்றில் சில சமயம் பொறுத்திருக்க முடியும். அவ்வாறு வைத்தியர் அனுமதித்தால், நாடு திரும்பிச் சிகிச்சை பெறுவது பற்றிச் சிந்தியுங்கள். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இது எத்தனை பெரிய நிஃமத் என்பது, பிறநாட்டில் கட்டணப் பட்டியலைக் கையில் வாங்கியவருக்கே விளங்கும். காத்திருக்க வேண்டி வரலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள். அங்கு எடுத்த பரிசோதனை அறிக்கைகளையும் படங்களையும் தவறாது கையோடு கொண்டு வாருங்கள்.

கட்டணம் வந்துவிட்டதாயின் பயந்து தலைமறைவாகாதீர்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் பட்டியலைக் கேளுங்கள். தவணை முறையில் செலுத்த இடமுண்டா, வைத்தியசாலையின் சமூக சேவைப் பிரிவு உதவுமா என்று விசாரியுங்கள். எமது தூதுவராலயத்தின் தொழிலாளர் நலன்புரிப் பிரிவுக்கு அறிவியுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட அப்பணியகத்தில் பதிவு செய்து செல்வோருக்கு ஒரு காப்புறுதியும் உண்டு. அது வைத்தியசாலைக் காப்புறுதிக்கு ஈடாகாது. எனினும் பதிவு செய்யாது சென்றவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

வட்டிக் கடனை மாத்திரம் நாடாதீர்கள். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது அவர் மீது மூன்று தீனார் கடன் இருப்பதை அறிந்த நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தத் தயங்கினார்கள். அபூகத்தாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்று புகாரியில் வந்துள்ளது. கடனின் பாரமும் அதிலே தெரிகின்றது. சகோதரனின் கடனைச் சுமக்க முன்வந்த ஒருவரின் சிறப்பும் அதிலே தெரிகின்றது.

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு கட்டி முடிய வேண்டும், தங்கை கரையேற வேண்டும், வாங்கிய கடன் தீர வேண்டும் என்று நாம் அடுக்கும் தேவைகளைக் கேட்டுக் கேட்டே, தன் உடலுக்காக ஒரு ரியாலைச் செலவழிப்பதையும் குற்றமாக எண்ணும் நிலைக்குப் பிள்ளை வந்துவிடுகின்றான். காய்ச்சலை மறைக்கின்றான், வலியை மறைக்கின்றான், "சுகமாக இருக்கிறேன், உம்மா" என்று சொல்கின்றான். அடுத்த முறை கதைக்கும்போது, "மகன், உன் காப்புறுதி எப்போது முடிகிறது? எந்த வைத்தியசாலைக்குப் போவாய்?" என்று கேளுங்கள். வாப்பாமார் கேளுங்கள். அனுப்பும் பணத்தில் சிறிதை அவனது பெயரிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை அவன் கைவசம் இருக்கும்வரை வீட்டின் மேல்மாடி காத்திருக்கட்டும்.

இறுதியாக, ஊர்களுக்கும் பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும் ஒரு வார்த்தை. உணவு குறைந்துபோன வேளையில், தம்மிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரி கோத்திரத்தாரை, அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நாமும் துண்டை விரிக்கின்றோம். ஆனால் துன்பம் வந்த பின்னர் விரிக்கின்றோம். ஓர் ஊரைச் சேர்ந்த நூறு பேர் சவூதியில் இருக்கின்றார்கள் என்று கொள்வோம். ஒருவர் மாதம் 20 ரியால் ஒதுக்கினால் மாதத்துக்கு 2,000 ரியால். ஆண்டுக்கு 24,000 ரியால். நம்பிக்கையான மூவரின் பொறுப்பில், கணக்கு எழுதி, எல்லோருக்கும் காட்டி நடத்தப்படும் அத்தகைய நிதி, காப்புறுதியற்ற ஒரு சகோதரரின் முதல் இரவுப் பயத்தைப் போக்கும். கடனில் மூழ்கியோர் ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் அடங்குவர் என்பதையும் ஊரின் ஸகாத் நிதியங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த உம்மாவின் காப்புகள் இன்னும் மீட்கப்படவில்லை. ஆனால் அவரது இளைய மகன் சென்ற ஆண்டு கட்டாருக்குப் புறப்பட்டபோது, முகவர் நிலையத்தின் மேசை முன்னால் அமர்ந்து அவர் கேட்ட முதற் கேள்வி சம்பளத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. "என் மகனுக்கு வருத்தம் வந்தால் யார் பொறுப்பு? அதை எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்டார். பதில் எழுத்தில் வரும்வரை கடவுச்சீட்டை அவர் கையிலிருந்து கொடுக்கவில்லை.

யா அல்லாஹ்! ஹலாலான உழைப்பைத் தேடிக் கடல் கடந்து சென்றிருக்கும் எமது பிள்ளைகளின் உடல் நலத்தையும் ஈமானையும் பாதுகாப்பாயாக. நோயுற்றோருக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக. கடன்பட்டோரின் கடனை நீக்குவாயாக. அவர்களை எதிர்பார்த்திருக்கும் பெற்றோரிடம் அவர்களைச் சுகமாகத் திருப்பிச் சேர்ப்பாயாக. ஆமீன்.